இனாமாக வந்த ஈய எழுத்துகள்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பாதான் படித்துக் காட்டினார். உன் கையெழுத்தில் குறை எதுவும் இல்லை, என் கண்ணில்தான் புரை விழுந்திருக்கிறதாம். அடுத்த மாதம் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பாயிண்ட் பொடி ஈய எழுத்தைக் கையில் எடுத்தால் இப்போது விரலால் தடவித்தான் அது ‘ப’வா ‘ம’வா என்று தெரிந்துகொள்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அப்பாவைக் கொண்டு எழுத வைத்திருக்கலாம். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், வரி கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள்.

குமுளியில் ஒரு அச்சகத்தை மூடுகிறார்கள், எழுத்தையெல்லாம் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள், ஆனைக்கரைக்கு அள்ளிக்கொண்டு வந்துவிடட்டுமா, வந்தால் எப்படி அடுக்கி வைப்பது என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக எடுத்துக்கொண்டு வா. நீ அங்கே அச்சு மிஷின் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. ஏலக்காய் மூட்டைக்குச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பதற்கே உன்னிடம் எழுத்துப் போதவில்லை என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எழுத்தைத் திருத்தி உத்தரவு போட்டதிலிருந்து எல்லாரும் பழைய ‘லை’யையும் ‘ணை’யையும் வாளியில் கொட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இனாமாக எழுத்துக் கிடைப்பதற்கு இதைவிட நல்ல காலம் வராது. பதில் இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் நான் உன்னிடம் ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று சொல்லாமலே போய்விடும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். இனாம் என்றதும் சாக்கை விரித்து அள்ளாதே. ஒவ்வொரு கேஸ் தட்டிலிருந்தும் பத்துப் பதினைந்து எழுத்தை எடுத்து வெளிச்சத்தில் பார். முகம் தேய்ந்து முனை மழுங்கியிருந்தால் எத்தனை மை போட்டாலும் அது ஊமையாகத்தான் விழும். பிறகு எழுத்தின் உடம்பைப் பார். ஒரு பக்கத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு கீறல் இருக்கும். ஒரே வார்ப்பில் வந்த எழுத்துக்கெல்லாம் அந்தக் கீறல் ஒரே இடத்தில் இருக்கும். வரிசையாக நிறுத்தினால் கோடு நேராக ஓட வேண்டும். எங்கே கோடு உடைகிறதோ அங்கே வேறு குடும்பத்துப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஊருக்குக் கொண்டுவந்ததும் உன் பழைய எழுத்தோடு சேர்க்காதே. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, பிஸ்கட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு வை. எல்லா எழுத்தையும் ஒருமுறை கோத்து ஒரு தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டு. எது எத்தனை இருக்கிறது, எது இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். ‘க’ இரண்டாயிரம் இருந்து ‘ழி’ மூன்றே மூன்று இருந்தால் அந்த எழுத்தை வைத்து நோட்டீஸ் அடிக்கலாம், புத்தகம் அடிக்க முடியாது. வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதே. ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.

இதெல்லாம் நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் அச்சகம் தொடங்கியபோது எங்களிடம் காலால் மிதிக்கும் ஒரு டிரெடில் மிஷினும் இரண்டு கேஸ் எழுத்தும்தான் இருந்தன. காடு கழனியை உன் பெரியப்பா பார்த்துக்கொண்டார். உன் அப்பாவுக்கு மண்ணில் மனசு நிற்கவில்லை. அவர் மிஷினை மிதித்தார், எட்டாவது வரை படித்த நான் அச்சுக் கோத்தேன். சித்தூரில் ஒருவர் தேய்ந்த எழுத்து ஒரு மூட்டை சும்மா கொடுத்தார். உன் அப்பா சந்தோஷத்தில் அதை அப்படியே எங்கள் கேஸில் கொட்டிக் கலந்துவிட்டார். அடுத்த வாரம் வேலந்தாவளத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து தடித்தும் ஒரு எழுத்து மெலிந்தும், ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் நின்றது. கவுண்டர் பத்திரிகையைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மாப்பிள்ளைக்கு ஒரு காலு கட்டைன்னு ஊரெல்லாம் சொல்றாப்பலயே அடிச்சிருக்கீங்க?” என்றார். அந்தப் பத்திரிகையை மறுபடி அடித்துக் கொடுத்தோம். கலந்த எழுத்தைப் பிரிக்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

அதற்கு மறு வருஷம்தான் வண்டிப்பெரியாற்றிலிருந்து செய்தி வந்தது. அங்கே கடைவீதியில் தமிழ் அச்சகம் வைத்திருந்தவர் இறந்துபோனார். அவருடைய அண்ணன் மீரான் ராவுத்தர் பக்கத்திலேயே பலசரக்குக் கடை வைத்திருந்தார். மிஷினை விற்றாயிற்று. எழுத்தை வாங்க ஆளில்லை, தமிழ் எழுத்து தெரிந்தவர் யாராவது வந்து எடுத்துக்கொண்டால் போதும் என்றாராம். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாக்டரியிலிருந்து மலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் ஒருவர் உன் அப்பாவுக்குப் பழக்கம். போகும்போது சிமெண்டோடு எங்களையும் ஏற்றிக்கொண்டார், வரும்போது லாரி காலிதான் என்றார். உன்னை உன் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம்.

ராவுத்தர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த அச்சகத்திலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கேஸின் நெற்றியிலும் சீட்டு ஒட்டி, என்ன அளவு, எங்கே வாங்கியது, எந்த எழுத்து குறைகிறது என்று எழுதியிருந்தது. கீழ் வரிசையில் இருபத்து நான்கு பாயிண்ட் எழுத்து, நான்கு கேஸ் நிறைய. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். தேய்மானமே இல்லை. ‘அ’வின் சுழியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

“எல்லாத்தையும் எடுத்துக்கங்க. அரிசி மூட்டை அடுக்க எனக்கு இடம் வேணும்” என்றார் ராவுத்தர். பிறகு சற்று நின்று, “ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். என் தம்பி இந்த எழுத்தைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தான். இதை விக்காதீங்க, உருக்காதீங்க. எஸ்டேட்டுச் சனம் யாராச்சும் தமிழ்ல அடிக்கணும்னு தேடி வந்தா எழுத்து இல்லைன்னு சொல்லிறாதீங்க. வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

“அப்படியே ஆகட்டுமுங்க” என்றேன் நான். உன் அப்பா வாய் திறப்பதற்குள் நான்தான் சொன்னேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

ராவுத்தர் தான் சொன்னதைக் கடைத் தாளிலேயே நான்கு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் எழுத்து வீடு வந்து சேர்ந்திருக்காது. வாளையாறு செக்போஸ்டில் லாரியை நிறுத்தினார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் பெட்டி பெட்டியாக ஈயம். “பில் எவிடெ?” என்று கேட்டார் அதிகாரி. “பில் இல்லீங்க, இனாமா வந்ததுங்க” என்றார் உன் அப்பா. “இனாமோ? ஈயம் ஆராணு இனாமாயி தருந்நது?” என்று அவர் சிரித்தார். ஈயத்தை யார் சும்மா தருவார்கள் என்று அவர் கேட்டது நியாயந்தான். உன் அப்பா ராவுத்தரின் தாளை நீட்டினார். தமிழ் தெரிந்த சிப்பந்தி ஒருவர் அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, மலையிலிருந்து கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, “சரி, பொய்க்கோ” என்று போகச் சொல்லிவிட்டார். இனாமாக எதை வாங்கினாலும் கொடுத்தவர் கையால் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் அந்தத் தாளை வழியில் காட்டிவிட்டுப் பெட்டியின் அடியில் போட்டுவிடக் கூடாது. நான் போட்டேன்.

நீ கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன வருஷம், மலையாளத்தில் புது லிபி வந்தது. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளும் பஞ்சாயத்துப் பாரமும் புது லிபியில்தான் வேண்டும் என்றார்கள். எல்லை தாண்டி மலையாள நாட்டில் இருக்கிற நமக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். திருச்சூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் பழைய எழுத்தை எடை போட்டு வாங்கிக்கொண்டு புது எழுத்துக் கொடுத்தார்கள். நம் பழைய மலையாள எழுத்து எல்லாவற்றையும் கட்டினோம். எடை போதவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். ராவுத்தர் கொடுத்ததில் சின்ன எழுத்துகள் தினமும் வேலை செய்துகொண்டிருந்தன. அந்த இருபத்து நான்கு பாயிண்ட் நான்கு கேஸும் வருஷத்துக்கு இரண்டு முறை தலைப்புக்குத்தான் திறக்கும். அதன் கனமோ கனம்.

“அதத் தொடாத புள்ள. சொல்லிக் குடுத்தது” என்றார் உன் அப்பா.

“ஆறு மாசமா தூசி தட்டக்கூட தொறக்கலீங்களே. அவரு வந்து பாக்கவா போறாரு?” என்றேன்.

அவர் மலையாள எழுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். நானே சாக்கில் கொட்டிக் கட்டினேன். கொட்டும்போது எழுத்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டு விழுந்த சத்தம் எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு உறுத்தலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புது மலையாள எழுத்து வந்தது, வேலை வந்தது, உன் படிப்பும் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், உன் அப்பா காகிதம் வாங்கப் பாலக்காடு போயிருந்தார். நாற்பது வயசு இருக்கும், ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் துணிப்பை, அதில் ஒரு நோட்டுப் புத்தகம். பெயர் அன்னத்தாய், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்து ஆயா என்றாள். கம்பம், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசினாள்.

“ராவுத்தர்தான் அனுப்புனாகம்மா. எங்க லயத்து வீட்டுப் பொம்பளைக கிட்ட எஸ்டேட்டு ஆபீசுல ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிட்டாக. லீவுக் காகிதம்னு சொல்லித்தான் வாங்குனது. அப்புறம் பாத்தா, வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கச் சம்மதம்னு எழுதியிருக்கு. மூணு குடும்பம் சட்டி பானையோட ரோட்டுக்கு வந்துருச்சு. அதான் ஞாயித்துக்கிழமையில நான் எழுத்துச் சொல்லிக் குடுக்கேன். நாப்பது பேரு வாராக. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கண்ணு மங்குன பொம்பளைக, சின்ன எழுத்துத் தெரியல. பெரிய எழுத்துல ஒரு அரிச்சுவடி அடிச்சுக் குடுங்கம்மா. உங்ககிட்டப் பெரிய எழுத்து இருக்குன்னு சொன்னாக.”

நோட்டை விரித்துக் காட்டினாள். பதினாறு பக்கம். கடைசிப் பக்கத்தில் நாற்பது பேருடைய பெயரும். ஒவ்வொருத்தியும் தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாளாம்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்புச் செய்துவிட்டோம், உருக்கிவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு. “பெரிய எழுத்தா? அப்படி ஒண்ணும் வரலீங்களே. வந்ததெல்லாம் பொடி எழுத்துங்க. அவரு மறந்து சொல்லியிருப்பாரு” என்றேன். ராவுத்தர்மேலேயே பழியைப் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “அப்பச் சரிம்மா. நான் வாரேன்” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மோர்கூடக் குடிக்கவில்லை.

உன் அப்பா சாயங்காலம் வந்ததும் சொன்னேன். காகிதக் கட்டை இறக்கி வைத்துவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “சாக்க வண்டியில ஏத்துனது நானு. பொய் சொன்னது நீயி. ரெண்டு பேருமாத்தான் பண்ணிப்போட்டம். இப்ப என்ன பண்றது, அதச் சொல்லு” என்றார். நான் அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவி, ராவுத்தர் கடை விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதினேன். அன்னத்தாய் அம்மாவுக்குச் சொல்லுங்கள், புத்தகம் அடித்துத் தருகிறோம், நோட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள் என்று. உருக்கியதைப் பற்றி அதில் எழுதவில்லை. அதை நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நோட்டு வந்தது. எழுத்துக்குத்தான் அலைந்தோம். புதிதாக வாங்க வழியில்லை. உன் அப்பா சைக்கிளிலும் பஸ்ஸிலும் பொள்ளாச்சி, சித்தூர், பாலக்காடு, கோயமுத்தூர் என்று அச்சகம் அச்சகமாகப் போனார். “பெரிய எழுத்துல எச்சா இருக்கறது ரெண்டு மூணு குடுங்க, போதும். வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்தர்றனுங்க” என்று கேட்டார். சிலர் சந்தேகப்பட்டார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஆனால் கொடுத்தவர்கள்தான் நிறைய. பொள்ளாச்சியில் ஒருவர் உயிரெழுத்து எல்லாவற்றையும் கொடுத்து, திருப்ப வேண்டாம் என்றார். கோயமுத்தூரில் அச்சுக் கோக்கிற ஒரு கம்பாசிட்டர் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலிசெய்து அதில் ‘ர’வும் ‘ன’வும் போட்டுக் கொடுத்தார். நான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த எழுத்து, எத்தனை, யார் கொடுத்தது, திருப்ப வேண்டுமா, என்ன சொல்லிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. திருப்ப வேண்டிய எழுத்தின் காலில் வேறு வேறு நிறத்தில் மை தொட்டு வைத்தேன். அதுவரை கேஸ்தான் எழுத்துக்கு வீடு என்று நினைத்திருந்தேன். அந்த நோட்டுப் போட்ட பிறகுதான் எதற்கு யார் உரிமைக்காரர், எதை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எனக்கே விளங்கியது. அதில் முதல் வரியில், ராவுத்தர் கொடுத்த இருபத்து நான்கு பாயிண்டுக்கு நேராக முதலில் ‘இல்லை’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு ‘நாங்கள் உருக்கிவிட்டோம்’ என்று எழுதினேன். நீயும் ஒரு நோட்டுப் போடு. தாளில் பொய் எழுதாதே, நாலு வருஷம் கழித்து நீயே அதை நம்பிவிடுவாய்.

எல்லா எழுத்தும் சேர்ந்தது, ‘ஞ’ மட்டும் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஞானம்மாள் என்று ஒரு பெயர். முப்பத்தொன்பது பேர் பெயரைப் போட்டு ஒருத்தி பெயரை விட முடியுமா? பாலக்காட்டுக் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு வெட்டுகிற ஒருவரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்து அட்சரம்?” என்றார். சொன்னேன். “அது ஞங்ஙளுடெ ‘ஞ’ தன்னெ அல்லே!” என்று, தங்களிடமும் அதே எழுத்து உண்டெனச் சிரித்து, ஒரு மரத்துண்டில் இடவலம் மாற்றி வெட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். நான் சொன்னதும் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஈய எழுத்தைவிட மரம் கொஞ்சம் குட்டை, அடியில் இரண்டு தாள் ஒட்டி உயர்த்தினேன்.

ஒரு பக்கம் கோத்து, அடித்து, பிரித்துப் போட்டு, அதே எழுத்தை வைத்து அடுத்த பக்கம். நூறு பிரதி. பன்னிரண்டு நாள் ஆயிற்று. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு ‘லை’ பழைய வார்ப்பு, ஒரு ‘லை’ கைக்கு எட்டிய வேறு வார்ப்பு. ‘அம்மா’வில் இரண்டு ‘ம’வும் இரண்டு ஊர். இப்படி ஒரு வேலையை வேறு யாராவது செய்திருந்தால் நானே கிண்டல் செய்திருப்பேன்.

நானே கொண்டுபோனேன். அதே லாரி. முதலில் ராவுத்தர் கடை. கடையில் ஆள் இருந்தார்கள், அவர்கள் போகும் வரை நின்றேன். பிறகு சொன்னேன். “நீங்க குடுத்த பெரிய எழுத்த உருக்கிப் போட்டனுங்க. அந்த அம்மாகிட்ட அப்படி ஒண்ணும் வரவேயில்லைன்னு பொய்யும் சொல்லிப் போட்டனுங்க. எம்பட வீட்டுக்காரரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தானுங்க பண்ணுனது.” அவர் துலாத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பரவாயில்லை என்று சொல்வார் என்று என் மனசு எதிர்பார்த்தது. அவர் சொல்லவில்லை. “அவன் அந்த எழுத்துக்காகத் தன் பொண்டாட்டி நகையை வச்சவன்” என்றார். துலாத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, “மிச்சம் இருக்கிறது?” என்று கேட்டார். “அது எல்லாம் பத்திரமா இருக்குதுங்க” என்றேன். “அதைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்காமலே கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாயில்லை. சில தப்புக்கு மன்னிப்பு வராமலே நாம் நடந்துகொண்டிருக்க வேண்டும். அதையும் தாங்கிக்கொள்ளலாம் கண்ணு, பொய்யைத்தான் தாங்க முடியாது.

அன்னத்தாயிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள். “எனக்கு அன்னைக்கே தெரியும்மா. உங்க செவுத்துல ஒட்டியிருந்த தாளுல பெரிய எழுத்தா, வரிசையா, அழகா இருந்துச்சே. அதுக்குக் கீழ வண்டிப்பெரியாறுன்னும் எழுதியிருந்துச்சு” என்றாள். நான் என் கையாலேயே அச்செடுத்து ஒட்டிய மாதிரித் தாள். அதை எடுக்க மறந்திருக்கிறேன். “அப்பறம் ஏனுங்க ஒண்ணும் கேக்காமப் போனீங்க?” என்றேன். “கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். அது எதுக்கு உங்களுக்கு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். முத்துக்கிளி என்று ஒருத்தி, ஐம்பதைத் தாண்டியவள், விரலை வைத்து என்னிடம் காட்டினாள். “இந்த ‘லை’யும் அந்த ‘லை’யும் ஒண்ணு போல இல்லையே தாயி, எது சரி?” எனக்கு முகம் சிவந்துவிட்டது. “ரெண்டும் ‘லை’தானுங்க. வேற வேற ஊர்ல பொறந்ததுங்க” என்றேன். “நம்ம பிள்ளைக மாதிரி” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டாள். ஞானம்மாள் தன் பெயரை மரத்து ‘ஞ’வில் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அங்கே மை இழுபட்டுவிட்டது.

அதற்கு மறு வருஷம் அந்த ஆபீசில் இன்னொரு காகிதம் நீட்டினார்களாம். அன்னத்தாய் எழுதியிருந்தாள். தமிழில் எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டுப் போடுகிறோம் என்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எங்கே படிக்கத் தெரியும் என்று ஒரு குமாஸ்தா தமிழில் எழுதியே கொடுத்துவிட்டார். நாற்பது பேரும் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, முத்துக்கிளி விரல் வைத்து எழுத்துக் கூட்ட, மற்றவர்கள் கூடவே சொல்ல, காலையில் தொடங்கியது மத்தியானச் சங்கு ஊதும் வரை போனதாம். அதிலும் வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்றுதான் இருந்தது, ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. ஒருத்தி வீடும் பறிபோகவில்லை. நடுவில் குமாஸ்தா பொறுமை இழந்து காகிதத்தைப் பிடுங்க வந்தபோது முத்துக்கிளி தலையைக்கூடத் தூக்கவில்லை என்று அன்னத்தாய் எழுதியிருந்தாள். விரலை எடுத்தால் இடம் தவறிவிடும் என்று அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, “பொறுங்கய்யா, இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்றாளாம்.

உன் அம்மா